இடது பக்கம் பாடாத பெட்டி

சங்கரன்கோவிலில் சிஹாபுதீன் கடையில் ரிப்பேர் பார்த்த சாமான் திரும்பி வராது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான். இருந்தாலும் முப்பது வருஷமாக அது பொய்யாகாமல் பார்த்துக்கொண்டேன். ரேடியோ, டிவி, மைக் செட், இப்போது செல்போன் என்று சாமான்கள் மாற மாற நானும் மாறிக்கொண்டேன். பெருமை மட்டும் மாறவில்லை. அதை ஒரே வருஷத்தில் மூன்று தடவை என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்து உடைத்தவன் இசக்கித்துரை. இரண்டு வருஷமாக அவனைப் பற்றி நான் தப்பாகவே பேசித் திரிந்தேன். அதனால் இதை எழுதித் தீர்க்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

இசக்கித்துரைக்குச் சொந்த ஊர் ராயகிரி. பதினாலு வயதில் விசைத்தறி ஓட்ட இங்கே வந்தான். இப்போது ஐம்பத்து நாலு. நடுவில் இருக்கிற நாற்பது வருஷமும் தறிச் சத்தத்துக்குள் போனது. தறி ஓடும் கட்டடத்துக்குள் நீங்கள் போயிருக்கிறீர்களோ என்னவோ, பத்துத் தறி ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்தது, டீ வந்தது, யார் வீட்டில் விசேஷம், எல்லாம் உதட்டிலும் கையிலும் முடிந்துவிடும். வெளியே வந்தாலோ சாதாரணப் பேச்சே கூப்பாடுதான். இசக்கித்துரை "ஒரு ரகசியம் வே" என்று ஆரம்பித்தால் சிவகிரி பஸ்ஸுக்கு நிற்கிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். தறிக்காரன் குரல் அப்படித்தான் என்று ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அவனுடைய ஆம்ப்ளிஃபயருக்குத் தரகு பார்த்தவனும் நானேதான். அவனுக்குக் கல்யாணம் ஆன வருஷம், கடையநல்லூரில் என் மச்சான் ஷேக் ஃபரீத் சவுதியிலிருந்து மொத்தமாகத் திரும்பியிருந்தான். அவன் கொண்டுவந்திருந்த சாமான்களில் ஒரு ஜப்பான் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் இருந்தன. வெள்ளி நிற முகப்பு, நடுவில் சத்தத்துக்கு ஏற்ப ஆடுகிற இரண்டு முள். இசக்கித்துரை அதைப் பார்த்துவிட்டு வாயை மூடவே இல்லை. வாங்கி, கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தான். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டதற்கு, "மடியில கெடக்குற பிள்ளைக்கு எவனாவது டிக்கெட் கேப்பானா?" என்று சண்டை பிடித்தான். சொந்தத்துக்கு ஒரு சைக்கிள்கூட இல்லாத காலம் அது.

வாங்கியது அவன் மனைவி கோமதித்தாய்க்காக. அவள் வீட்டிலிருந்தபடி தார் சுற்றுவாள். தறிக்குப் போகிற ஊடை நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுக்கிற வேலை. நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பாட்டாவது இருக்கட்டும் என்று நினைத்தான். முதல் பாட்டைப் போட்டதும் அவள் எழுந்து நின்று, "வயலின் அடுப்படிப் பக்கமிருந்து வருது, தபேலா வாசப் பக்கமிருந்து வருது!" என்று கையைத் தட்டினாள். நான் அங்கேதான் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் இடது பெட்டிக்கு அடுப்படிப் பெட்டி என்றும், வலது பெட்டிக்கு வாசல் பெட்டி என்றும் பெயர். எதிரே நடுவில் இசக்கித்துரையின் நாற்காலி. வேலை விட்டு வந்து குளித்துவிட்டு அதில் உட்கார்ந்தால் எழுப்புவது பெரும்பாடு.

போன சித்திரையில் அவன் அந்த ஆம்ப்ளிஃபயரைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"அடுப்படிப் பொட்டி படுத்துட்டு வே. வயலினே கேக்கல. வாசப் பொட்டி மட்டும் தனியாக் கத்திக்கிட்டுக் கெடக்கு."

மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு. தறிக்காரன் சட்டையில் ஒட்டி வந்த பஞ்சு வருஷக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்திருந்தது. அதையெல்லாம் ஊதி எடுத்துவிட்டுப் பார்த்தால், ஸ்பீக்கருக்குச் சத்தத்தைத் திறந்துவிடுகிற ரிலேயில் ஒரு பக்கம் கறுத்திருந்தது. நோய் தெரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. துடைத்து மாட்டி, கடையில் இருக்கிற சோதனை ஸ்பீக்கர்களில் போட்டுக் காட்டினேன். அந்த இரண்டு ஸ்பீக்கரையும் இடம் இல்லாததால் ஒரே அலமாரியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தேன். இசக்கித்துரை கண்ணை மூடிக் கேட்டான். "இதான் வே! ரெண்டும் பாடுது" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனான்.

பன்னிரண்டாம் நாள் அதே துண்டோடு மறுபடியும் வந்து நின்றான்.

"கடையில நல்லாப் பாடுது. வீட்டுக்கு வந்தா எடது பக்கம் படுத்துக்கிடுது. ஒம்ம கடைக்கும் அதுக்கும் என்ன சொந்தமோ!"

எனக்குச் சுருக்கென்றது. இந்தத் தடவை விடக்கூடாது என்று உட்கார்ந்தேன். உள்ளே இருந்த பழைய கெப்பாசிட்டர்கள் உச்சி வீங்கி இருந்தன. மதுரைக்குச் சொல்லிவிட்டு நல்லதாக வரவழைத்து எல்லாவற்றையும் மாற்றினேன். வால்யூம் குமிழைத் திறந்து கழுவினேன். மங்கிப்போன முள் விளக்கைக்கூட மாற்றிவிட்டேன், அவன் கேட்காமலே. அந்த ஆம்ப்ளிஃபயர் ஜப்பானிலிருந்து கப்பல் ஏறிய அன்றுகூட அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. கடையில் போட்டால் தேன். வீட்டுக்குப் போன மறுநாள் போன் வருகிறது: "படுத்துட்டு வே."

நடுவில் கோயம்புத்தூரில் இருக்கிற அவன் மகள் சண்முகப்ரியா, "அந்தப் பழசக் கட்டிக்கிட்டு ஏன்ப்பா அழுறீங்க" என்று புதிதாக ஒரு ப்ளூடூத் சவுண்ட்பார் வாங்கி அனுப்பினாள். நீளமாக ஒரே துண்டு. இவன் இரண்டு நாள் கேட்டுவிட்டு, "சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒத்த மாட்டு வண்டி" என்று சொல்லி அதைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டான்.

ஆடி மாதம் பிறந்தது. மூன்றாவது தடவையாகத் துண்டு மூட்டை வந்தது. எனக்கு வந்த கோபத்தில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவன் முகம் சரியில்லை.

"கோமதி கோயம்புத்தூருக்குப் போறா வே. மக வீட்டுக்கு. ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்ச மறுநாள்."

"போயிட்டு வரட்டும். அதுக்கென்ன?"

"திரும்பி வாரதா இல்ல."

அவனால் முடிந்த அளவு மெதுவாகத்தான் சொன்னான். எதிரே பூக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்னு கேட்டீரா?"

"கேக்காம இருப்பனா? ஒங்ககிட்டப் பேசுறதும் ஒண்ணுதான், செவுத்துகிட்டப் பேசுறதும் ஒண்ணுதான்ங்கா. எல்லாம் இந்தச் சத்தத்தால வந்த வினை. அடுப்படிப் பொட்டி கேக்கலன்னு நான் கூட்டி வைக்கேன். அவளுக்கு மண்டையிடி. சத்தம் சரியா இருந்தா நான் ஏன் கூட்டப் போறேன்? இத மட்டும் சரி பண்ணிக் குடுத்திரும் வே. அவ போமாட்டா."

எனக்கு வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். கோமதித்தாய் எதற்காகப் போகிறாள் என்பது அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. யார் வந்தாலும் என் மனைவி மகபூப் பீவி டீ போட்டு அனுப்புவாள். இசக்கித்துரை வந்தால் மட்டும் அடுப்பு அணைந்துவிடும். காரணம் இது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோமதித்தாய்க்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பத்து நாள் யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். பிறகு கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடி புருஷனிடம் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாகவும் பயமாகவும் இருந்ததால் அந்த இடம் வசதி என்று நினைத்திருக்கிறாள். "ஒரு கட்டி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னாளாம். அவன் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச தூரம் போய் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "ரெண்டு வடை சாப்பிடுவமா?" என்று கேட்டானாம்.

அதற்குமேல் அவள் அவனிடம் சொல்லவில்லை. மகபூப்தான் ஜவுளி எடுக்கப் போவதாகச் சொல்லி அவளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சோதித்துப் பார்த்து, வெறும் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கட்டியின் பயம் போய்விட்டது. அந்த வடை மட்டும் கோமதித்தாய் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

"அவன்லாம் மனுசனா? பொண்டாட்டி உசுருக்குப் பயந்து சொல்லுதா, அவனுக்கு வடை கேக்குது" என்று மகபூப் அன்றைக்கு ஆரம்பித்தவள்தான். இதை அவனிடம் கேட்கக் கூடாது என்று அல்லா மேல் என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். நானும் நாலு பேரிடம் அவனைக் கல்நெஞ்சுக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், காரணத்தைச் சொல்லாமல்.

அப்படிப்பட்டவன் கண் கலங்கி, "இத மட்டும் சரி பண்ணிக் குடுத்திரும்" என்று நிற்கிறான். ரிலேயைத் துடைத்துக் குடும்பத்தை ஒட்டவைக்க முடியுமா? முட்டாள் பயல். இருந்தாலும் முப்பது வருஷப் பழக்கம்.

"இத வீட்டுக்கே எடுத்துட்டுப் போவும். நான் வீட்டுக்கு வாரேன்" என்றேன்.

தபசுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போனேன். மீட்டர், சால்டரிங் அயர்ன், கடையிலிருந்து ஒரு புது ஆம்ப்ளிஃபயர் எல்லாம் எடுத்துக்கொண்டேன். கோமதித்தாய் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணாச்சி" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் பெரிய பை ஒன்று, ஜிப் இழுத்து மூடித் தயாராக இருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி மீட்டரை எடுத்தேன்.

முதலில் பாட்டைப் போட்டேன். மிதமான சத்தம். என் காதுக்கு இரண்டு பெட்டியும் ஒழுங்காகத்தான் பாடின. நாற்காலியில் உட்கார்ந்திருந்த இசக்கித்துரை உதட்டைப் பிதுக்கினான். "அடுப்படிப் பொட்டி படுத்துக் கெடக்கு."

பின்னால் ஒயரை மாற்றிச் செருகினேன். ஆம்ப்ளிஃபயரில் ஒரு பக்கம் கெட்டிருந்தால் இப்போது குறை அடுத்த பெட்டிக்குப் போகவேண்டும். போகவில்லை. அடுப்படிப் பக்கம்தான் படுத்திருக்கிறது என்றான். சரி, பெட்டியே பழுதாக இருக்கும் என்று இரண்டு பெட்டிகளையும் தூக்கி இடம் மாற்றினோம். அப்போதும் அடுப்படிப் பக்கம்தான். என்னுடைய புது ஆம்ப்ளிஃபயரை மாட்டினேன். அடுப்படிப் பக்கம்தான். ஆம்ப்ளிஃபயர் மாறியாயிற்று, பெட்டி மாறியாயிற்று, ஒயர் மாறியாயிற்று. குறை மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எனக்கு வேர்த்துவிட்டது.

நடுவில் மகளிடமிருந்து போன். இசக்கித்துரை எடுத்து வலது காதில் வைத்துக்கொண்டு, பேரன் நடந்ததையும் விழுந்ததையும் கேட்டுக் கேட்டுச் சிரித்தான். கோமதித்தாய் குழலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பாத்தியளா அண்ணாச்சி. மக பேசுனா மட்டும் ஒரு சொல்லு விடாமக் கேக்கும்."

நான் மீட்டர் ஒயரைச் சுருட்டினேன். பிறகு என் முப்பது வருஷ அனுபவத்தை எல்லாம் திரட்டி ஒரு தீர்ப்புச் சொன்னேன். "செவுருதான் வே காரணம். அந்தப் பக்கம் பீரோ நிக்கி பாரும், அது சத்தத்தக் குடிச்சிருது." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் வாய்கூசாமல் சொன்னேன், அவனும் நம்பினான். பாட்டு பாட்டுக்கு ஓட, இரண்டு பேரும் பீரோவை நகர்த்த ஆரம்பித்தோம். வழியில் இருந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டோம். இருபத்தெட்டு வருஷமாகப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நாற்காலி அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவற்றுக்கு முதுகைக் காட்டியது.

பீரோ அரை அடிகூட நகரவில்லை. இசக்கித்துரை மூச்சு வாங்கி, அந்த நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்தான். அடுத்த நிமிஷம் ஒரு கூப்பாடு.

"வே! சரியாயிட்டு வே! அடுப்படிப் பொட்டி பாடுது! வயலின் கணீர்னு கேக்கு!"

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அரை அடிக்கே இந்தப் பலனா என்று பீரோவைத் தட்டிக்கொடுத்தேன். அதற்குள் அவன் முகம் சுருங்கியது.

"ஆனா இப்ப வாசப் பொட்டி படுத்துட்டே."

நான் எதையும் தொடவில்லை. ஒயரைத் தொடவில்லை, குமிழைத் தொடவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான்: அவன் திரும்பி உட்கார்ந்திருக்கிறான். அடுப்படிப் பெட்டி இப்போது அவனுடைய வலது கைப் பக்கம்.

சுரீர் என்று உறைத்தது. அவனுக்கு முன்னால் போய், அவன் என் உதட்டைப் பார்க்கும்படி நின்று சொன்னேன்.

"வலது காத விரல வச்சு நல்லாப் பொத்தும். பொத்திக்கிட்டுக் கண்ண மூடும்."

அவன் பொத்தினான். கண்ணை மூடினான். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. தார் சுற்றுகிறவளுக்குக் கேட்கிறது, தெருவில் போகிறவனுக்குக் கேட்கிறது.

"ஏன் வே பாட்ட நிப்பாட்டிட்டீரு?" என்று கேட்டான்.

தார் சுற்றுகிற ராட்டை நின்றது. கோமதித்தாய் எழுந்து வந்தாள். ஆம்ப்ளிஃபயரில் முள் ஆடுவதைப் பார்த்தாள், கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற புருஷனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் போய், இடது தோளுக்குப் பின்னால் நின்று, "என்னங்க" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். அவன் அசையவில்லை. "என்னங்க!" இன்னொரு தடவை. அவன் கண்ணைத் திறந்து, எதிரே இருந்த என்னைப் பார்த்து, "போடும்யா பாட்ட" என்றான்.

தறியில் அவன் நாற்பது வருஷமாக நிற்கிற இடம் எனக்கு ஞாபகம் வந்தது. ஊடை நூலோடு ஓடுகிற நாடாக்கட்டை வந்து மோதுகிற முனை எப்போதும் அவனுக்கு இடது பக்கம். வீட்டில் அவன் நாற்காலிக்கு அடுப்படி இடது பக்கம். அவள் அங்கிருந்துதான் பேசுவாள். பைக்கில் சேலை கட்டிய பெண்கள் எல்லோரும் ஒரு பக்கமாக, இடது பக்கம் காலைத் தொங்கப்போட்டுத்தான் உட்காருகிறார்கள். பேசினால் இடது தோளில்தான் பேசுவார்கள். எதிரே நின்று பேசினால் அவன் உதட்டைப் படித்துவிடுவான், போன் வந்தால் வலது காதில் வைத்துக்கொள்வான். ஊரில் யாருக்குச் சந்தேகம் வரும்? அவனுக்கே வரவில்லை. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததில், குறைந்தது பெட்டி என்றுதான் அவன் நினைத்தான். நானும் அவன் காதை விட்டுவிட்டு நாலு மாதம் ஆம்ப்ளிஃபயருக்கு வைத்தியம் பார்த்தேன்.

கோமதித்தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு சுற்றி வந்து, அவன் வலது பக்கம் தரையில் உட்கார்ந்து, காதில் இருந்த விரலை எடுத்துவிட்டாள். நான் பாட்டை நிறுத்திவிட்டு அவசர அவசரமாகச் சாமான்களை அள்ளினேன். புருஷன் பெண்சாதி பேசுகிற இடத்தில் மூன்றாம் ஆள் எதற்கு? அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் இசக்கித்துரைக்கு மெதுவாகப் பேசத் தெரியாதே. வாசலில் செருப்பை மாட்டும்வரை அவன் குரல் மட்டும் தெருவுக்கே கேட்டது.

"எப்ப? … கரிவலத்துல இருந்து வரும்போதா? … என்ன கட்டி? … எங்கிட்டயா சொன்ன?"

ஒரு செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைத் தேடினேன்.

"நான் என்ன சொன்னேன்? … வடையா?"

அதற்குப் பிறகு அவன் அழுதான். தறிக்காரன் அழுகையும் சத்தமாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். நான் கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னேன். அழுகைக்கு நடுவே அவன் கேட்டது இன்றுவரை என் காதிலேயே இருக்கிறது.

"இப்ப எப்படிட்டி இருக்கு?"

இரண்டு வருஷமாக அவள் காத்திருந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான். நான் வீட்டுக்கு வந்து மகபூபிடம் நடந்ததைச் சொன்னேன். அவள், "நம்ம வாயக் கழுவணும்" என்றாள்.

ஆடித்தபசு முடிந்த மறுநாள் கோமதித்தாய் கோயம்புத்தூருக்குப் போகத்தான் செய்தாள். கூடவே இசக்கித்துரையும் போனான். கட்டிவைத்திருந்த அந்தப் பெரிய பையில் அவன் வேட்டி சட்டையும் ஏறியது. பேரனைப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் இரண்டு பேரும் திரும்பிவிட்டார்கள். பிறகு திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் காதைக் காட்டினார்கள். இடது காதில் நரம்பு தேய்ந்துவிட்டது, போனது போனதுதான், ஆனால் மிஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்றார் டாக்டர். வலது காதும் தேயத் தொடங்கியிருக்கிறது, அதை இப்போதே காப்பாற்ற வேண்டும் என்றும் சொன்னார். மிஷின் வைத்து முதல் வாரம் அவன் என்னிடம்தான் ஓடி வந்தான்.

"இது விசிலடிக்கி வே. இதையும் கொஞ்சம் தொறந்து பாரும்."

"ஏலே, ஆள விடு! இன்னொரு தடவ ஒன் சாமானத் தொட மாட்டேன்" என்று விரட்டினேன். அந்தச் சத்தத்துக்கு மகபூப் உள்ளேயிருந்து வந்தாள். கையில் டீ. கூடவே தட்டில் இரண்டு வடை. அவன் வடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

தறிக்குள் போகும்போது இப்போது அவன் இரண்டு காதிலும் அடைப்பான் வைத்துக்கொள்கிறான். உதட்டைப் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு அதனால் என்ன நஷ்டம்? முதலில் கேலி பண்ணினார்கள். நான் என் கடை அலமாரியிலிருந்த ஸ்பீக்கர்களைப் பிரித்து, ஒன்றை இந்தச் சுவரிலும் இன்னொன்றை அந்தச் சுவரிலும் மாட்டினேன். நடுவில் ஒரு ஸ்டூல். கேலி பண்ணுகிற தறிக்காரன் ஒவ்வொருவனையும் இசக்கித்துரை இழுத்துவந்து அதில் உட்காரவைப்பான். ஒரு பாட்டுப் போடுவேன். பிறகு திரும்பி உட்காரச் சொல்வேன். தீபாவளிக்குள் ஆறு பேர் எழுந்திருக்கும்போது கேலியை மறந்திருந்தார்கள். ஆறு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இப்போது அந்தத் தறிக்கூடத்தில் பாதிப் பேர் காதில் அடைப்பான் இருக்கிறது.

ஆம்ப்ளிஃபயர் அதே வீட்டில் அதே இடத்தில் இருக்கிறது. அதைச் சீர்பண்ணியது வீண்போகவில்லை. அந்த அளவுக்குத் தெளிவாகப் பாடுகிற பெட்டி இன்று சங்கரன்கோவிலில் வேறு இல்லை என்று நான் பந்தயம் கட்டுவேன். நாற்காலியை மட்டும் இடம் மாற்றிவிட்டார்கள். அடுப்படி இப்போது அவனுக்கு வலது பக்கம்.

போன வாரம் கரிவலம் போகிற ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். ஓரத்தில் வேப்பமரத்தடியில் இசக்கித்துரையின் பைக் ஸ்டாண்டு போட்டு நின்றது. பக்கத்தில் புருஷனும் பெண்சாதியும் நின்றார்கள். வண்டி ஓடும்போது காது மிஷினில் காற்று இரையும் என்று அவன் என்னிடம் குறைபட்டது ஞாபகம் இருந்தது. ஆனாலும் மெக்கானிக் புத்தி போகுமா? வண்டியை நிறுத்தி, "என்ன வே, பஞ்சரா?" என்று கத்தினேன்.

அவனுடைய வலது பக்கத்தில் நின்ற கோமதித்தாய்தான் பதில் சொன்னாள்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. பேசிக்கிட்டு இருக்கோம்."